ஓரக்குறிப்பு: காரைக்கால் பதிவேடும் தானாகப் புதுப்பிக்கும் ரிப்போர்ட்டும்

எக்ஸெலில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. மூலத் தரவில் ஒரு எண்ணை மாற்றினால், அதை வைத்துப் போட்ட சூத்திரம் அந்த நொடியே மாறிவிடும். ஆனால் அதே தரவின் மேல் கட்டிய பிவட் டேபிள் அசையாது. பழைய கூட்டுத்தொகையையே காட்டிக்கொண்டு நிற்கும். யாராவது போய் 'ரெஃப்ரெஷ்' அழுத்தணும். காரணம் எளிது. பிவட் டேபிள் மூலத்தைப் பார்ப்பதில்லை, மூலத்திலிருந்து ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்ட நகலைத்தான் பார்க்கிறது.

1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விஸிகால்க் கொண்டுவந்தபோது உலகம் வியந்தது இதற்காகத்தான்: ஒரு கட்டத்தை மாற்றினால் அதைச் சார்ந்த மற்ற கட்டங்கள் தானாக மாறுகின்றன! ஆனால் மூலம் ஓரிடத்திலும் ரிப்போர்ட் வேறிடத்திலும் இருக்கும்போது அந்த மாயம் நின்றுபோகிறது. டேட்டாபேஸில் ட்ரிக்கர் எழுதுகிறோம், இரவு 2 மணிக்கு ஓட ஒரு ஜாப் வைக்கிறோம், பவர் பிஐ-யில் நேரம் குறித்து ரெஃப்ரெஷ் போடுகிறோம். இருபது வருஷமாக நான் சோறு தின்பது பெரும்பாலும் இந்த வேலையில்தான்.

பிரெஞ்சிந்திய வரலாற்றைப் பொழுதுபோக்காகப் படிக்க ஆரம்பித்த பிறகு ஒன்று புரிந்தது. இந்தச் சிக்கலை மையும் தாளும் வைத்துக்கொண்டு ஒரு அரசாங்கம் இருநூறு வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. நம்ம காவிரிக் கடைமடையில் இருக்கிற காரைக்காலின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளுக்கும் அந்த யோசனையில் பங்கு உண்டு. புதுச்சேரி, காரைக்கால் பக்கம் பழைய ஆட்கள் 'எத்தா சிவில்' என்று சொல்வார்களே, அதுதான்.

ஒரு நிகழ்வு, மூன்று பிரதிகள்

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739-இல், புதுச்சேரி ஆளுநர் துய்மா காலத்தில், தஞ்சை மராட்டியரிடமிருந்து. நடுவில் ஆங்கிலேயர் பலமுறை பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாக 1817-இல் திரும்பியது. சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் ஜில்லா, கிழக்கே கடல். நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டர். அவ்வளவுதான் ஊர்.

பிரான்சில் 1667-லேயே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. திருச்சபைப் பதிவேடுகளை இரண்டு பிரதியாக எழுத வேண்டும், ஒன்று கோவிலில், மற்றொன்று நீதிமன்ற அலுவலகத்தில். தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் ஒன்றாவது மிஞ்சும். காலனிகளுக்கு இது போதாது என்று நினைத்தார்கள். கரையான், ஈரம், புயல், முற்றுகை என்று இங்கே ஆபத்துகள் அதிகம். 1776 ஜூனில் ஒரு அரசாணை வந்தது. காலனிகளின் பொதுப் பத்திரங்களுக்கு வெர்சாய்யில் ஒரு காப்பகம், அதற்கு மூன்றாவது பிரதி ஒன்றைக் கப்பலில் அனுப்பவேண்டும். இன்றைய மொழியில் சொன்னால் வேறு கண்டத்தில் பேக்கப். அந்தப் பிரதிகளின் வாரிசுதான் இப்போது எக்ஸ்-ஆன்-பிரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பிரதேசங்களின் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. காரைக்கால் பதிவேடுகளின் படங்களை அதன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

1792-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு பதிவேட்டைப் பாதிரியார் கையிலிருந்து எடுத்து நகராட்சியிடம் கொடுத்தது. 1804-இல் நெப்போலியனின் சிவில் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. 1819 ஜனவரியில் பிரெஞ்சுச் சட்டங்கள் இந்தியப் பகுதிகளிலும் அறிவிக்கப்பட்டன. ஆனால் இந்துக்களும் முஸ்லிம்களும் குடும்ப விஷயங்களில் அவரவர் வழக்கப்படியே நடந்துகொள்ளலாம் என்ற விலக்கும் கூடவே இருந்தது. 1880-இல் கொம்யூன்கள் அமைந்தன. காரைக்கால் பகுதிக்கு மூன்று: காரைக்கால், கிராந்த் ஆல்தே என்று அவர்கள் அழைத்த திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு. மேயர் நகராட்சித் தலைவர் மட்டுமல்ல, பிறப்பு இறப்பு எழுதுகிற அதிகாரியும் அவரே.

ரிப்போர்ட்டும் அப்போதே உண்டு. ஒவ்வொரு வருஷ முடிவிலும் பதிவேட்டை மூடி, அகரவரிசைப் பெயர் அட்டவணை போடவேண்டும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை அவற்றைத் தொகுத்துப் பத்தாண்டு அட்டவணை செய்யவேண்டும். 1807-ஆம் ஆண்டு ஆணை இதன் விவரங்களைச் சொல்கிறது. இன்றைக்கும் ஒரு பெயரைத் தேடுகிறவர் முதலில் திறப்பது இந்தப் பத்தாண்டு அட்டவணையைத்தான். எங்கள் தொழிலில் இது இண்டெக்ஸ், சுருக்க அறிக்கை, குறித்த காலத்தில் ஓடும் ஜாப் எல்லாம் சேர்ந்த ஒன்று.

மூன்று நாள் கெடு

இதுவரைக்கும் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. விசேஷம் ஓரத்தில் இருக்கிறது.

ஒரு பிறப்பை எழுதி முடித்தாகிவிட்டது. இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தையை அப்பா முறைப்படி தன் பிள்ளை என்று ஏற்கிறார். அல்லது பெயரில் பிழை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறது. பழைய வரியை அடித்துத் திருத்தலாமா? கூடாது. எழுதியது எழுதியதுதான். ஆனால் பக்கத்தின் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே புதிய செய்தியைத் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மூலம் மாறாது, நிலவரம் மட்டும் மாறும். இன்று மென்பொருளில் 'பழையதை அழிக்காதே, புதியதைச் சேர்த்துக்கொண்டே போ' என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அதேதான்.

இப்போது சிக்கல். பிரதிகள் இரண்டு. ஒன்றில் ஓரக்குறிப்பு எழுதி மற்றதில் எழுதாவிட்டால்? 1804 சட்டத்தின் 49-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. நகராட்சியில் இருக்கும் பிரதியில் பதிவு அதிகாரி எழுதவேண்டும், நீதிமன்றப் பிரதியில் அங்கிருக்கும் எழுத்தர் எழுதவேண்டும். அதற்காகப் பதிவு அதிகாரி மூன்று நாளுக்குள் அரசு வழக்கறிஞருக்குத் தகவல் கொடுக்கவேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டதா என்று பார்ப்பது அந்த வழக்கறிஞரின் பொறுப்பு.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு சர்வர்களுக்கு நடுவில் சிங்க் எப்படி நடக்கவேண்டும் என்று நாங்கள் எழுதுகிற டிசைன் டாக்குமென்ட் மாதிரியே இருக்கிறது. யார் எழுதுவது, எத்தனை நாளுக்குள், தவறினால் யார் கவனிப்பது, மூன்றும் இருக்கிறது. நாங்கள் எழுதுகிற பல டாக்குமென்ட்களில் மூன்றாவது இருக்காது.

ஆனால் இந்த 49-ஆம் பிரிவில் ஒரு ஓட்டை இருந்தது. ஓரக்குறிப்பு 'சம்பந்தப்பட்டவர்களின் கோரிக்கையின் பேரில்' எழுதப்படும் என்று அதில் இருந்தது. அதாவது யாராவது வந்து கேட்டால்தான். பிவட் டேபிளுக்கு ரெஃப்ரெஷ் அழுத்துகிற கதைதான்.

1897: பட்டனை எடுத்துவிட்டார்கள்

கேட்டால்தான் எழுதுவேன் என்றால் என்ன ஆகும்? கேட்காமலிருப்பதில் லாபம் உள்ளவன் கேட்கமாட்டான். ஓர் ஊரில் கல்யாணம் பண்ணிக்கொண்டவன் வேறு ஊருக்குப் போய், பிறப்புச் சான்றைக் காட்டி, 'எனக்கு மணமாகவில்லை' என்று இன்னொரு கல்யாணமும் பண்ணிக்கொள்ளலாம். அவன் பிறந்த ஊர்ப் பதிவேட்டில் முதல் கல்யாணம் பற்றி ஒரு வரியும் இருக்காது.

1897 ஆகஸ்ட் 17-ஆம் தேதிச் சட்டம் இதை மாற்றியது. கல்யாணம் நடந்தால் கணவன், மனைவி இருவரின் பிறப்புப் பதிவின் ஓரத்திலும் அதைக் குறிக்கவேண்டும். யாரும் கேட்கவேண்டியதில்லை. திருமணத்தை நடத்தி வைத்த அதிகாரியே, அவர்கள் பிறந்த ஊர் அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். அந்த அறிவிப்பு கிடைத்ததும் அங்கே ஓரத்தில் எழுதவேண்டும்.

இங்கே தொழில்நுட்பம் எதுவும் மாறவில்லை. அதே மை, அதே தாள், அதே தபால். மாறியது ஒன்றுதான்: செய்தி சொல்லவேண்டிய கடமை, செய்தி தேவைப்படுகிறவரிடமிருந்து செய்தி உண்டாகும் இடத்துக்குப் போனது. இழுக்கிற முறை போய்த் தள்ளுகிற முறை வந்தது. தானாகப் புதுப்பித்தல் என்று நாம் சொல்வதன் சாரம் இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே சட்டம் இன்னொன்றும் செய்தது. கல்யாணத்துக்குக் காட்டுகிற பிறப்புச் சான்று பழையதாக இருக்கக்கூடாது. பிரான்சுக்குள் வாங்கியது என்றால் மூன்று மாதத்துக்குள், காலனியிலோ தூதரகத்திலோ வாங்கியது என்றால் ஆறு மாதத்துக்குள் கொடுத்ததாக இருக்கவேண்டும். மூலம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் நகலுக்கு ஆயுள் குறிக்கவேண்டியிருக்கிறது. கேஷ் வைக்கிற ஒவ்வொரு மென்பொருளிலும் இந்த ஆயுட்காலத்தை ஒரு எண்ணாக எழுதுகிறோம். காரைக்காலில் வாங்கிய சான்றுக்கு ஆறு மாதம் என்பது, கடல் தாண்டிய தபாலின் வேகத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட எண்.

நம்ம ஊர்ப் பிறப்புச் சான்றிதழையும் பிரெஞ்சுச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நம்முடையது ஒரு புகைப்படம். பிறந்த அன்று எடுத்தது, லேமினேட் பண்ணி பீரோவில் வைத்தால் ஐம்பது வருஷம் செல்லும். அவர்களுடையது அந்த ஆளோடு கூடவே வளர்கிற குறிப்பேடு. கல்யாணம், விவாகரத்து ஏறும். 1945-இலிருந்து இறப்பும் ஏறும். 1998-இலிருந்து, பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்று முதல்முறை கொடுத்தால் அதுவும் ஏறும். ஒன்றுமே ஏறவில்லை என்றால் 'ஓரக்குறிப்பு: இல்லை' என்று சான்றில் எழுதிக் கொடுப்பார்கள்.

அந்த 'இல்லை'யில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. எதுவும் நடக்கவில்லை என்பதால் இல்லையா, நடந்தது யாரும் சொல்லவில்லை என்பதால் இல்லையா? பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மூன்றாம் பிரதியின் கதி

மறுபடி 49-ஆம் பிரிவுக்கு வருவோம். அது இரண்டு பிரதிகளைத்தான் சொல்கிறது. வெர்சாய்க்குக் கப்பலேறிய மூன்றாம் பிரதியில் ஓரக்குறிப்பு எழுத யாருக்கும் கடமை இல்லை. வருஷம் முடிந்ததும் எழுதியனுப்பிய நிலையிலேயே அது உறைந்துவிட்டது.

இணையத்தில் முன்னோரைத் தேடுகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே படமாகத் தெரியும் பக்கத்தின் ஓரம் காலியாக இருந்தால், அந்த ஆளுக்கு வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பேக்கப் வேறு, உயிருள்ள பிரதி வேறு.

காரைக்காலின் கதையில் இன்னும் பெரிய காலியிடம் ஒன்று உண்டு. 1861-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்த ஒப்பந்தப்படி இந்தியக் கூலிகள் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். கப்பலேறிய துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. ஏறியவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஆங்கிலேய ஜில்லாக்களின் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பிறப்பு எந்த எத்தா சிவிலிலும் இல்லை. தீவில் ஒருவர் செத்தால் அங்கே பதிவாகும். ஆனால் அறிவிப்பு அனுப்ப இந்தப் பக்கம் ஒரு முகவரியும் கிடையாது. முதல் வரியே எழுதப்படாதவருக்கு ஓரத்தில் என்ன எழுத? எவ்வளவு நல்ல சிங்க் முறையாக இருந்தாலும், ஆரம்பத்தில் பதிவாகாதவரை அது கண்டுகொள்ளாது.

1962: ஆறு மாதமும் ஒரு இயல்பு மதிப்பும்

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானது, அமலுக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16-இல்.

அந்த ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகளைப் படித்தால் ஒரு புரோகிராம் மாதிரியே இருக்கும். இங்கே பிறந்து, அந்தத் தேதியில் இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாகிவிடுவார்கள். வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்கலாம். 18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்குப் பெற்றவர் எடுத்த முடிவே முடிவு. இங்கே பிறந்து, அந்தத் தேதியில் இந்தியாவுக்கு வெளியே, சைகோனிலோ பாரீஸிலோ வசித்தவர்களுக்குத் தலைகீழ்: ஒன்றும் செய்யாவிட்டால் பிரெஞ்சுக்காரர்.

ஒன்றும் செய்யாமலிருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் தொழிலில் இயல்பு மதிப்பு என்போம். ஃபாரத்தைத் தொடாதவர்களுக்கெல்லாம் அதுதான் விதி. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எழுதவில்லை. விரும்பி எழுதாதவர்கள் உண்டு, கேள்வியே காதில் விழாதவர்களும் இருந்திருப்பார்கள். பதிவேட்டில் இருவருக்கும் ஒரே பலன்தான். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒருவர் காரைக்காலில், ஒருவர் சைகோனில் இருந்ததால், ஒரே நாளில் வெவ்வேறு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

1965-இல் பிரான்ஸ், வெளிநாட்டில் நடந்த பிறப்பு, கல்யாணங்களுக்காகவும் தன் கையைவிட்டுப் போன பிரதேசங்களுக்காகவும் நாந்த் நகரில் ஒரு மத்தியப் பதிவகத்தைத் தொடங்கியது. காரைக்கால், புதுச்சேரிப் பிரெஞ்சுக் குடும்பங்களில் 'நாந்த்திலிருந்து பேப்பர் வரணும்' என்ற பேச்சுக்குக் காரணம் இதுதான்.

பேரன் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமையை நிரூபிக்கணும் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா பிறந்த பதிவு, தாத்தாவின் கல்யாணம், அப்பா பிறந்த பதிவு, 1962-இல் தாத்தா எங்கே இருந்தார், எழுதிக் கொடுத்தாரா என்று ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் போச்சு. டேபிள்களை இணைக்கப் பொதுவான ஒரு சாவி வேண்டுமே, இங்கே சாவி பெயர். நம்ம பெயருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும். 1881 ஆணைப்படி சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்கள் மட்டும் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டன. எழுத்துக்கூட்டல் வேறு. முருகனின் 'உ' ஒலியை ஆங்கிலத்தில் ஓரெழுத்தில் எழுதுவார்கள், பிரெஞ்சில் அதற்கு இரண்டெழுத்து. பிரெஞ்சுப் பதிவில் ஒரு முருகன், 1962-க்குப் பிறகு வந்த இந்தியப் பத்திரத்தில் இன்னொரு முருகன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். குமாஸ்தாவுக்கு எழுத்து பொருந்தவேண்டும்.

பெரும்பாலான ரிப்போர்ட்கள் புதுப்பிக்காமல் நிற்பதும் இதனால்தான். ரெஃப்ரெஷ் ஓடும், பிழை என்றும் காட்டாது. ஆனால் இரண்டு பக்கமும் சாவி பொருந்தாததால் புதிய செய்தி போய்ச் சேரவேண்டிய வரியில் சேராது.

நம்ம பக்கத்து ஓரம்

இந்தியாவிலும் ஓரம் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 15-ஆம் பிரிவைப் பாருங்கள். பிழை இருந்தால் மூலப் பதிவை மாற்றாமல், ஓரத்தில் எழுதித் திருத்தி, கையெழுத்தும் தேதியும் போடவேண்டும் என்கிறது. காரைக்காலில் இன்று நடப்பில் உள்ளது இந்தச் சட்டம்தான். இரண்டு மரபும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

வித்தியாசம் அறிவிப்பில்தான். காரைக்காலில் பிறந்தவர் சென்னையில் இறந்தால், காரைக்காலில் உள்ள பிறப்புப் பதிவின் ஓரத்தில் அதை ஏற்ற 1969 சட்டத்தில் வழி இல்லை. இரண்டும் தனித்தனி நிகழ்வுகள். ஆகவே இறந்தவர் வாக்காளர் பட்டியலில் தொடர்வார், ரேஷன் அட்டையில் தொடர்வார், வீட்டார் போய்ச் சொல்கிறவரை. ரெஃப்ரெஷ் பட்டன் குடும்பத்தார் கையில்.

2023-இல் வந்த திருத்தம் இதை மாற்றப் பார்க்கிறது. அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. பிறப்பு இறப்புகளுக்குத் தேசிய அளவில் ஒரு டேட்டாபேஸ், அதிலிருந்து மக்கள்தொகைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை போன்ற மற்ற டேட்டாபேஸ்களுக்குத் தகவல் போக வழி செய்கிறது. அன்று முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். 1897-இல் பிரான்ஸ் எடுத்த திருப்பத்தை நாமும் நம் வழியில் எடுக்கிறோம் என்று சொல்லலாம்.

நல்ல விஷயம்தான். ஆனால் தானாகப் பரவுகிற ஏற்பாட்டில் சரியானது பரவுகிற அதே வேகத்தில் தப்பும் பரவும். ஒரு பதிவாளர் அலுவலகத்தில் பெயரில் ஓர் எழுத்து மாறினால், முன்பு ஒரே ஒரு சான்றிதழில்தான் தப்பு. இனி அது அட்டைதோறும் போய் உட்காரும். உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று யாராவது ஏற்றிவிட்டால் ரேஷன் நிற்கும், ஓட்டு போகும். கிழவி ஒருத்தி கவுண்டருக்கு நேரில் வந்து 'நான் இருக்கேன் சாமி' என்று சொன்னாலும், எதிரே உள்ள குமாஸ்தா திரையைத்தான் பார்ப்பார்.

அதனால் இந்த மாதிரி ஏற்பாடு எதைப் பார்த்தாலும் நான் கேட்கிற கேள்விகள் நான்கு. செய்தி உண்டாகும் இடத்தில் அதை அனுப்பும் கடமை யாருக்கு? எத்தனை நாளுக்குள்? எல்லாப் பிரதியிலும் ஒரே மாதிரி ஏறியதா என்று பார்க்கிறவர் யார்? தப்பாக ஏறினால், பழைய வரியை அழிக்காமல் திருத்த ஓரம் இருக்கிறதா? 1804-இல் எழுதிய ஒரு சட்டப்பிரிவில் முதல் மூன்றுக்கும் பதில் இருந்தது, நாலாவதற்குத் தாளிலேயே இடம் விட்டிருந்தார்கள்.

உங்கள் வீட்டில் காரைக்கால், புதுச்சேரிப் பழைய எத்தா சிவில் தாள் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். நடுவில் உள்ள அழகான கையெழுத்தை அப்புறம் படிக்கலாம். முதலில் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எழுத்து இருந்தால் யாரோ ஒருவர் வேறோர் ஊரிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். காலியாக இருந்தால், அந்தத் தாள் எந்தப் பிரதியிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று விசாரித்துவிட்டு அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.